கூட்டிக் குறைத்து எழுதிய சூடு

மகனே,

‘அன்புள்ள’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. பாசம் எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் இன்றைக்கு அதைத் தள்ளிவிட்டுக் கோபம் முன்னால் வந்து நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தாங்கியடியில், அந்த ஒரு இடத்தில்தானே சிக்னல் கிடைக்கிறது, அங்கே நின்று உன்னோடு பேசிவிட்டு லயத்து வீட்டுக்கு இறங்கி வந்தவன், நாலு நாளாக உன் அம்மாவோடுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பிளேனுக்குப் பயந்துபோய் இருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பட்டம் வாங்குவதைப் பார்க்க வரச் சொல்லி அனுப்பிய இரண்டு டிக்கெட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. அவள் பதுளைக்குப் போய் இரண்டு கம்பளிச் சட்டை வாங்கி வந்து, எனக்கு வாங்கியது தோளில் பிடிக்கிறது என்று மறுபடியும் போய் மாற்றிக்கொண்டும் வந்துவிட்டாள். நான் வரப்போவதில்லை என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஏன் என்று கடைசிவரைக்கும் படி. பாதியில் மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு.

நீ பார்க்கும் வேலை எனக்கு விளங்காது என்ற தைரியத்தில்தான் அன்றைக்கு அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாய். நன்றாக விளங்கும். இருபத்தெட்டு வருஷம், தேயிலை அரைத்துக் காயவைக்கிற ஸ்டோரில் டிரையர் பக்கம் நின்றவனுக்குச் சூட்டைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது, அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நீதான் கேட்டாய்: “அப்பா, டிரையர் ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள ஒரே ஒரு கொழுந்து விழுது. எவ்வளவு சூடு மாறுச்சுன்னு உங்க வெப்பமானியில பார்க்க முடியுமா?” “அது இருக்குற சூட்டுல ஒரு கொழுந்து எந்த மூலைக்குடா” என்றேன். “அதேதான்ப்பா. டிரையரு பெருசு, சூடும் ஜாஸ்தி, அது பாட்டுக்கு ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும். ஆனா டிரையரே ஒரு மணல் அளவுதான்னா? அதுல இருக்குற சூட்டையெல்லாம் எடுத்துட்டு, இதுக்கு மேல குளிர முடியாதுங்கிற எடத்துக்குக் கிட்ட கொண்டுபோய் வச்சிட்டா? அப்ப ஒரே ஒரு எக்ஸ் கதிர் வந்து விழுந்தாலும் அதுக்குச் சுடும். எவ்வளவு சுட்டுச்சுன்னு பார்த்தா, அந்தக் கதிர் எந்த அணுவுலேருந்து வந்துச்சுன்னு சொல்லிரலாம்.” மணல் அளவு தங்கத் துணுக்கு, அதனடியில் ஒட்டிய வெப்பமானி, மற்றக் கருவிகளின் வரைபடத்தில் ஒரே மேடாகத் தெரிகிற இரண்டு கதிர்க் கோடுகளை இது தனித்தனியாகப் பிரித்துக் காட்டும், அணுவிலிருந்து கிளம்பி வரும் துணிக்கைகளையும் இதே வழியில் அளந்துவிடலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாய். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். “அடிச்சூடு ஆடுனா என்னடா செய்வீங்க?” நீ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். கதிர் விழுவதற்கு முன்னால் இருக்கிற அந்த அடிச்சூடு துளி ஏறினாலும் இறங்கினாலும் ஒரே கதிர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு காட்டும், அதனால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அளவு முன்பே தெரிந்த ஒரு கதிரைக் கையால் திறந்துவிட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவோம், அந்த எண்களை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் திருத்துவோம் என்று விளக்கினாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் இராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்தில்தான் நீ பொய் எழுதியிருக்கிறாய். போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் உன் முறை. நீ சிநேகிதர்களோடு பனிமலை பார்க்கக் கிளம்பிவிட்டாய். திங்கட்கிழமை காலையில் வந்து, வெள்ளிக்கிழமை அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்துத் தடவை திறந்து பார்த்ததாகப் பத்து வரி எழுதி வைத்துவிட்டாய். மற்றவர்கள் அதை நம்பித் திருத்தினார்கள். பிரிந்து நிற்க வேண்டிய இரண்டு கோடுகளும் கலங்கிப் போய் ஒரே மேடாக வந்தன. புத்தகத்தைப் பார்த்தால் சூடு ஆடவே இல்லை, அப்படியென்றால் தங்கத் துணுக்கு சரியாக ஒட்டப்படவில்லை என்று உன் பேராசிரியர் முடிவு கட்டிவிட்டார். நுணுக்குக்காட்டிக்கு அடியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்தத் துணுக்குகளை ஒட்டுகிறவள் இரேனா என்ற பெண். அவளுக்கு வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், இனிமேல் அவள் வேண்டாம் என்று தீர்மானிக்கப்போகிறார்கள். இவ்வளவையும் நீயாகச் சொல்லவில்லை. உன் குரல் சரியில்லையே என்று நான் துருவித் துருவிக் கேட்டதால் வாயிலிருந்து விழுந்தது.

“அந்தம்மா கெட்டிக்காரிப்பா, வேற எடத்துல வேலை கிடைச்சிரும்” என்றாய். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்றால் நீ போயேன்! நீயும் கெட்டிக்காரன்தானே? ஆய்வுகூடத்தில் எல்லாரும் சில நேரம் இப்படிச் செய்வதுதான் என்றாய். அந்த எல்லாரும் வந்து இரேனாவுக்கு வீட்டு வாடகை கட்டுவார்களா? இவ்வளவு மூளைக்காரர்கள் மத்தியில் யாருக்கும் எப்படிச் சந்தேகம் வரவில்லை என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் இது. “அப்படியே எடுத்து எழுதலப்பா. ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சுப் போட்டேன்.” நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை, வைத்தேன்.

அந்த வித்தை உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது. நான் கொடுத்தது.

டிரையருக்குள் போகும் காற்றின் சூட்டை அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து, சுவரில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். ஃபாரன்ஹீட் கணக்கில் இருநூறு பாகை இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். ஒரு நாள் விறகு சரியில்லாமல் சூடு இறங்கிவிட்டது. இறங்கியதை இறங்கியதாகவே எழுதினேன். டீமேக்கர் என்றால் ஸ்டோருக்கே அவர்தான் பெரியவர், அவர் தாளைப் பார்த்துவிட்டு, “எதுக்குய்யா இப்படிக் கிறுக்கி வச்சிருக்க? நாளைக்குத் தொரை பார்த்தா என்னையில்ல கேப்பாரு” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். சூடு இறங்கியதற்கு அவர் கோபப்படவில்லை, தாள் கோணியதற்குத்தான் கோபம். அதற்குப் பிறகு நானும் மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டேன். காலையிலேயே சாயங்காலம் வரைக்கும் எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். நம் மடுல்சீமைப் பக்கத்தில் எத்தனை ஸ்டோரில் இப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஸ்டோரில் யாருமே அதைப் பொய் என்று நினைக்கவில்லை. தாள் நிரப்புவது என்றுதான் அதற்குப் பெயர். நீ இப்போது ஆய்வுகூடத்துப் பழக்கம் என்று சொல்கிறாயே, அதே மாதிரிதான்.

அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்தாய். ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் வீட்டில் டீவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாளை உன் கையில் கொடுத்தேன். உன் கையெழுத்து அழகு, அதில் வேறு எனக்கு ஒரு பெருமை. “இருநூறு போடு. ஒரே மாதிரி போடாத, சந்தேகம் வரும். ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சுப் போடு” என்றேன். நீ வெப்பமானியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “பார்த்து எழுதவாப்பா?” என்று கேட்டாய். “பார்க்க வேணாம், எழுது” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சொன்னது இவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க மழை, விறகெல்லாம் ஈரம், நான் கிரிக்கெட் பார்த்த இரண்டு மணித்தியாலமும் சூடு விழுந்து கிடந்திருக்கிறது. நூற்று அறுபதுக்கும் கீழே போயிருக்கும். யாருக்குத் தெரியும், யாரும் பார்க்கவில்லை.

அன்றைய தேயிலை ஒழுங்காகக் காயாமல் மூட்டைக்குள்ளே கெட்டு, கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. டீமேக்கர் அந்த நாளின் தாளை எடுத்துப் பார்த்தார். இருநூறு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது, இருநூற்றொன்று. மணி மணியான எழுத்து. சூடு சரி என்றால் தப்பு வேறு எங்கே இருக்கும்? அரைத்த கொழுந்தை டிரையர் தட்டில் பரப்புகிறவரிடம்தான் இருக்கும். பரப்பியவர் ராமையா. நம் லயத்தில் கடைசிக் காம்பராவில் குடியிருந்தாரே, சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிப் போனவர், மலை ஏற முடியாது என்றுதான் அவருக்கு ஸ்டோரில் வேலை கொடுத்திருந்தார்கள். ஆபீசுக்குக் கூப்பிட்டு, “சூடு சரியாத்தானேய்யா இருந்திருக்கு! நீதான் தட்டுல தடிப்பா, மொத்தமாப் பரப்பித் தொலைச்சிருக்க” என்றார் டீமேக்கர். ராமையா, “இல்லைங்க, எப்பவும் போலத்தாங்க பரப்புனேன்” என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆபீஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறு வாரத்திலிருந்து அவரை மலைக்கு, தேயிலைச் செடிகளுக்குள் வேலை செய்ய அனுப்பினார்கள். உன் அம்மா, “பாவம்ங்க, அந்தக் காலை வச்சிக்கிட்டு எப்படி ஏறுவாரு?” என்று கேட்டாள். “அவனுக்கு மலையில வேலை இருக்குதானே” என்றேன். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நீ சொன்னாயே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்.

அந்தச் சரிவில் அவரால் முழு நாள் நிற்க முடியவில்லை. அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். ஆறு மாதத்தில் அவர் மகள் புனிதாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். புனிதாவை உனக்கு மறந்திருக்காது. கணக்கில் உன்னை ஒரு தடவைகூட முன்னால் விடாதவள். நீ வந்து, “புனிதா ஏம்ப்பா வர்றதில்ல?” என்று கேட்டாய். “பொம்பளப் புள்ளைய எவ்வளவு நாளைக்குப் படிக்க வைப்பாங்க” என்றேன். மகனே, உன்னிடம் நான் சொன்ன பொய்களில் இதைத்தான் என்னால் விழுங்கவே முடியவில்லை. பிறகு அந்தக் குடும்பமே தோட்டத்தைவிட்டுப் போய்விட்டது. அவர்கள் போனபோது, வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

போன வருஷம் பதுளையில் மண்டபம் பிடித்து உனக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, அந்த மேடையில் என்னையும் உட்காரவைத்தார்கள். லயத்துக் காம்பராவிலிருந்து விஞ்ஞானத்தின் சிகரத்துக்கு என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தோட்டத்துப் பிள்ளைகள் முன்னேற இந்தத் தகப்பனைப் போல வியர்வை சிந்த வேண்டும் என்றார் இன்னொருவர். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த வியர்வை? சிந்தியது ராமையா, சூம்பிய காலோடு, மலையில். இதையெல்லாம் அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் உள்ளே என்ன ஆகும் என்பது உன் பேராசிரியரைவிட எனக்குத் தெரியும். முதல் மாதம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாவது மாதம் நியாயங்கள் கிடைக்கும். ஒரு வருஷத்தில், அந்த ஆள் உண்மையிலேயே மொத்தமாகத்தான் பரப்பியிருப்பானோ என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். எனக்குத் தோன்றியது. ராமையாவின் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது, நம்பினால் நம்பு. நீயும் இன்னும் கொஞ்ச நாளில் இரேனாவின் கை நடுங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதற்குள் எழுந்திரு.

திங்கட்கிழமை காலையில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ. பேராசிரியர் அறைக்குத் தனியாகப் போகாதே, இரேனாவையும் கூப்பிட்டுக்கொண்டு போ, அவள் காதில் விழ வேண்டும். சுற்றி வளைக்காமல், இந்தப் பத்து வரியும் நான் பார்க்காமல் எழுதியவை என்று முதலில் சொல்லிவிடு. களைப்பு, பனி, சிநேகிதர்கள் எல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலும் விடலாம். பட்டம் தள்ளிப்போகும், ஒருவேளை கிடைக்காமலே போகும். அது எனக்கு ஒன்றுமில்லை என்று நினைக்காதே. உன் அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் போ. நீ போய்ச் சொன்னால், பட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வருவோம். சொல்லாமல் பட்டம் வாங்கினால் நீயே வைத்துக்கொள்.

நேற்று ஹல்துமுல்லைக்குப் போய் வந்தேன். ராமையா குடும்பம் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருப்பதாக லுணுகலைச் சந்தையில் ஒருவர் சொல்லி ரொம்ப நாளாயிற்று, நான்தான் காதில் விழாத மாதிரி இருந்தேன். பதுளையில் ஒரு பஸ், அப்புட்டலையில் ஒரு பஸ் என்று மாறி மாறி ஏறிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. புனிதா அங்கே பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறாள், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டு, “வாங்க மாமா” என்றாள். “அப்பா எங்க புள்ள?” என்று கேட்டேன். “அப்பா தவறி ரெண்டு வருஷமாச்சு மாமா” என்றாள். அதற்காகத்தான் போனேன், அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று. இனி யாரிடம் சொல்வது? தொட்டில்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அவளிடமே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், “எனக்குத் தெரியும் மாமா” என்றாள்.

“அன்னைக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுக்கிட்டு நானும் ஆபீஸ் வாசல்ல நின்னேன். டீமேக்கர் அந்தத் தாளை அப்பா மூஞ்சிக்கு நேரா ஆட்டுனாரு. அது உங்க எழுத்து இல்ல. நானும் அவனும் ஒரே வகுப்பு, அவன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

“அப்பவே ஏம்மா சொல்லல?” என்றேன்.

“சொல்லியிருந்தா உங்களையும் மலைக்கு அனுப்பியிருப்பாங்க, அவன் படிப்பு நின்னுருக்கும். நம்ம லயத்துலேருந்து நாங்க ரெண்டு பேரும் பதுளைக்குப் படிக்கப் போவோம்னு அப்ப நெனச்சிருந்தேன். அப்புறம் என்னைய நிறுத்திட்டாங்க. சரி, அவனாவது போகட்டும்னு விட்டுட்டேன். அப்பாகிட்டகூடச் சொல்லல மாமா.”

அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். “அவன் இப்ப என்ன வேலை செய்றான் மாமா?” என்று கேட்டாள். “சூட்டைத்தான் அளக்குறான்” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலிதான், கெட்ட மனசு இல்லை. “இப்பவாவது பார்த்து எழுதுறானா?” என்றாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். நாளைக்குப் பதுளைக்குக் கொண்டுபோய், இந்தக் கடிதத்தை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லிக் கடையில் கொடுப்பேன். புனிதாவின் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு நான் என்ன சொல்லட்டும்?

அப்பா